கோஸ்தான் கண்ணாடி

லோரியைப் பின்னால் எடுப்பதற்கு எங்கள் பக்கத்தில் கோஸ்தான் என்று பெயர். அது எந்த ஊர்ச் சொல் என்று எனக்குத் தெரியாது. தமிழன் அதை மலாய் என்பான். மலாய்க்காரர் அது வெள்ளைக்காரன் விட்டுப்போன பேச்சு என்பார். கடை வைத்திருக்கிற சீனத் தவுக்கே சிரித்துவிட்டுப் போய்விடுவார். ஆனால் கம்போங் ராஜாவிலிருந்து தானா ராத்தா வரைக்கும் கோஸ்தான் என்றால் புரியாத டிரைவர் கிடையாது. வண்டியை முன்னால் ஓட்டுவதை எந்தப் பயலும் ஓட்டிவிடுவான். மலையில் டிரைவருக்கு மரியாதை கோஸ்தானில்தான்.

தங்கையாவுக்கு அந்த மரியாதை இருந்தது. கம்போங் ராஜாவுக்கு மேலே இருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து ஏற்றுகிற லோரி மூன்று. அதில் பெரிய லோரியை அவர் பதினோரு வருஷமாக ஓட்டினார். மலைச்சரிவில் பெண்கள் பறித்த கொழுந்தை முதுகுக்கூடையில் சுமந்துவந்து நிறுப்பதற்குப் பலகை மேடைகள் இருந்தன. ஒரு பக்கம் வெட்டிய மண்சுவர், மறு பக்கம் பள்ளம், நடுவில் ஒரு லோரி அகலத்துக்குப் பாதை. அந்தப் பாதையில் பின்னாலேயே போய், மேடைக்கும் வண்டிக்கும் ஒரு சாண் இடைவெளி விட்டு நிறுத்த வேண்டும். இரண்டு சாண் ஆனால் கூடையைக் கவிழ்க்கும்போது கொழுந்து பள்ளத்தில் சிந்தும், கங்காணி வாய்க்கு வந்தபடி பேசுவார். சாணே இல்லாமல் போனால் மேடை உடையும். அந்தப் பலகைகளின் வயசு மேடையில் நிற்கிற பெண்களுக்கே தெரியாது.

கொழுந்து லோரிக்கு நாலு பக்கமும் உயரமான பலகை அடைப்பு, மேலே கித்தான். டிரைவர் எவ்வளவு எட்டிப் பார்த்தாலும் தன் வண்டியின் முதுகு தெரியாது. அதற்காகத்தான் கெலிண்டான் என்று ஒரு ஆள். கித்தானை இழுத்துக் கட்டுவது, டயருக்குக் கட்டை வைப்பது, எல்லாவற்றுக்கும் மேலாக, பின்னால் நின்று வண்டியை வரவழைப்பது அவன் வேலை. தங்கையாவின் கெலிண்டான் முருகையா. தங்கையாவின் மனைவி சாரதாவுக்குக் கூடப்பிறந்த தம்பி, முப்பத்தைந்து வயது, கல்யாணம் ஆகவில்லை, அக்கா வீட்டிலேயே சாப்பாடு.

மற்ற கெலிண்டான்கள் பலகையில் தட்டிச் சைகை கொடுப்பார்கள். முருகையா தட்டுவதில்லை. ஃபேக்டரிப் பக்கம் இரைச்சலில் தட்டினால் எவனுக்குக் கேட்கும் என்பான். டிரைவரின் ஜன்னல் கண்ணாடியில் தெரிகிற மாதிரி ஓரமாக நின்றுகொள்வான். தலையில் சாரதா பின்னிக்கொடுத்த பழுப்புக் கம்பளித் தொப்பி. தொப்பி தலையில் இருக்கும்வரை வண்டி வரலாம். கழற்றிவிட்டால் நின்றுவிட வேண்டும். இதை யாரும் கூடிப் பேசி முடிவு செய்யவில்லை. ஏதோ ஒரு மழைநாளில் அப்படி ஆரம்பித்து அப்படியே நிலைத்துவிட்டது. கொழுந்து பறிக்கிற பெண்கள் அதைக் கேலி பண்ணுவார்கள், முருகையா தொப்பி கழற்றுவது துரைக்குக்கூடக் கிடையாது, லோரிக்குத்தான் என்று.

எழுபத்தொன்பதில் ஒரு சாயந்தரம் கித்தான் கட்டுகிற ரப்பர் வார் அறுந்து தங்கையாவின் இடது கண்ணில் அடித்தது. தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் சொட்டு மருந்து கொடுத்தார். சிவப்பு போயிற்று, பார்வையும் போயிற்று. கருவிழியில் பூ விழுந்துவிட்டது. அவருக்கு எப்போதுமே கண்ணைச் சுருக்கிப் பார்க்கிற பழக்கம் உண்டு, அதனால் வெளியே யாரும் கண்டுகொள்ளவில்லை. வீட்டில் கண்டுகொள்ளாமல் இருக்க முடியாது. ஒற்றைக் கண்ணுக்குத் தூரம் பிடிபடுவதில்லை. கோப்பியை ஊற்றினால் மங்குக் கோப்பைக்கு வெளியே ஊற்றினார். சாரதா அதற்கப்புறம் தானே ஊற்றிக் கோப்பையைக் கையில் கொடுத்தாள். விஷயம் தெரிந்தது அவளுக்கும் முருகையாவுக்கும்தான். மகள் திலகத்துக்குக்கூடச் சொல்லவில்லை.

சொல்லாததற்குக் காரணம் இருந்தது. பாய்லர் பார்த்த இருளப்பனுக்குக் காது மந்தம் என்று தெரிந்த மாதமே அவரைக் கணக்குத் தீர்த்து அனுப்பினார்கள். வேலை போனால் தோட்டத்து வீடும் போகும். இருளப்பன் இப்போது திரிங்காப்பில் ஒரு காய்கறித் தோட்டத்தில் முட்டைக்கோசு சுமக்கிறார், அந்தத் தோட்டத்துப் பட்டறைக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் குடியிருக்கிறார். தங்கையாவுக்கு நாற்பத்தெட்டு வயது. லோரியைத் தவிர வேறெதையும் அவர் கை தொட்டதில்லை. முருகையா பின்னால் நிற்கிறவரை அவருக்கு இரண்டு கண்ணும் இருந்த மாதிரிதான். தொப்பி தெரிந்தால் போதும், தூரம் தெரிய வேண்டியதில்லை. இரண்டு வருஷம் இப்படியே ஓடியது.

எண்பத்தொன்றில் தோட்டத்து மேனேஜராகப் புது துரை வந்தார். கோலாலம்பூர்க்காரர், வயசு குறைவு, எதையும் ஏன் என்று கேட்கிற மனுஷன். பின்னால் பார்ப்பதற்கு ஒரு ஆளா என்று கேட்டார். ஆபீஸ் கணக்குப் பார்க்கிற பெரிய கிராணி அமிர்தலிங்கம் இது வழக்கம் என்றார். வழக்கம் என்பது துரைக்குப் பதிலாகப் படவில்லை. ஈப்போவிலிருந்து தட்டளவுக்கு ஒரு வட்டக் கண்ணாடி வந்தது, நடுவில் உப்பியது. ஃபிட்டர் சாம்பசிவம் பெரிய லோரியின் பின்மூலையில், கூரை உயரத்துக்கு, ஒரு கம்பி நீட்டி அதைத் தரை பார்க்கிற மாதிரி மாட்டினார். டிரைவர் தன் ஜன்னல் கண்ணாடியில் பார்த்தால் அந்த வட்டக் கண்ணாடி தெரியும். வட்டக் கண்ணாடியில் வண்டியின் முதுகும் அதற்குப் பின்னால் உள்ள தரையும் தெரியும். கண்ணாடிக்குள் கண்ணாடி. மூன்று மாதம் பார்ப்போம், சேதாரம் இல்லாமல் ஓடினால் மூன்று லோரிக்கும் மாட்டிவிட்டு கெலிண்டான்களை நிறுத்திவிடலாம் என்றார் துரை. அதுவரைக்கும் முருகையாவை ஃபேக்டரி மாடியில் கொழுந்து பரப்பப் போட்டார்கள்.

இங்கேதான் தங்கையா மாட்டிக்கொண்டார். கண்ணாடி சரிப்படவில்லை என்று சொன்னால், ஏன் உனக்கு மட்டும் சரிப்படவில்லை என்று கேட்பார்கள். கண்ணைப் பார்ப்பார்கள். சரிப்படுகிறது என்று சொன்னால் மச்சினன் வேலை போகும். சொல்லாமல் இருக்கலாம் என்றால் லோரி தினமும் நாலு தடவை மேடைக்குப் போக வேண்டியிருக்கிறது, அது பேசாமல் இருக்குமா?

முதல் நாளே மண்சுவரில் உரசினார். ஒரு கண்ணாடியில் பார்த்தால் இடம் வலமாக விழும். பதினோரு வருஷமாக அவர் கை அதற்குப் பழகியிருந்தது. கண்ணாடிக்குள் கண்ணாடியில் பார்த்தால் அது இன்னொரு தடவை புரண்டு, இடம் இடமாகவே ஆகிவிடுகிறது. கை பழைய வழக்கத்தில் திரும்ப, வண்டி வேறு பக்கம் போயிற்று. இதைப் புரிந்துகொள்ள அவருக்கு ஒரு வாரம் ஆயிற்று. புரிந்ததும் கை திருந்திவிட்டது. திருந்தாதது தூரம். உப்பிய கண்ணாடியில் எல்லாமே சின்னதாக, தள்ளி இருப்பதுபோலத் தெரியும். இரண்டு கண் உள்ளவனுக்கே அது சிரமம். தங்கையா மேடைக்கு ஒரு முழம் முன்னாலேயே பயந்து நிறுத்தினார். கொழுந்து சிந்தியது, கங்காணி கத்தினார், பெண்கள் அவரை ஒரு மாதிரி பார்த்தார்கள்.

வழி கண்டுபிடித்தது சாரதா. ஒரு ஞாயிற்றுக்கிழமை முருகையா படம் பார்க்கத் தானா ராத்தா போன பிறகு, இரண்டு பேரும் லோரி கொட்டகைக்குப் போனார்கள். பின்சுவருக்கும் வண்டிக்கும் நடுவில் சாரதா ஒரு சாண் அளந்து வண்டியை நிறுத்தவைத்தாள். சுவரின் அடி கண்ணாடியில் எந்த இடத்தில் தெரிகிறதோ அந்த இடத்தில் ஒரு புள்ளி வைத்துவிட்டால், அப்புறம் தூரத்தைப் பார்க்க வேண்டாம், புள்ளியைப் பார்த்தால் போதும் என்றாள். முதலில் ஜன்னல் கண்ணாடியில் வைத்தார்கள். தங்கையா தலையைக் கொஞ்சம் அசைத்தாலும் புள்ளி வேறு இடத்துக்குப் போனது. அதை அழித்துவிட்டு ஏணி வைத்து ஏறி வட்டக் கண்ணாடியிலேயே வைத்தார்கள். அது எட்டத்தில் இருப்பதால் தலை ஆடினாலும் புள்ளி பெரிதாக ஆடவில்லை. வண்டியை முன்னால் விட்டு, மறுபடி கோஸ்தான் எடுத்து, சுவரின் அடி புள்ளியைத் தொட்டதும் நிறுத்தினார். சாரதா சாண் போட்டுப் பார்த்தாள். விரல்கடை வித்தியாசம். இன்னும் ஐந்து தடவை பார்த்தார்கள். ஐந்தும் சரி.

புள்ளி வைத்தது வீட்டிலிருந்து சாரதா கொண்டுவந்த நகப்பூச்சில். போன தீபாவளிக்குத் திலகம் அடம்பிடித்து வாங்கியது, நல்ல ரத்தச் சிவப்பு, ஆள்காட்டி விரல் நுனி அளவுக்கு ஒரு வட்டம்.

திரும்பி வருகிற வழியில் சாரதா நகப்பூச்சுக் குப்பியை முந்தானையில் முடிந்துகொண்டாள். அந்தப் புள்ளி முருகையாவின் வேலைக்கு வைத்த புள்ளி என்று இரண்டு பேருக்கும் தெரியும். சாயந்தரம் அவன் படக்கதையைச் சொல்லிக்கொண்டே நெத்திலிச் சம்பலும் சோறும் சாப்பிட்டான். சாரதா கூட இரண்டு அகப்பை போட்டாள். கண்ணாடி எப்படி மச்சான் என்று கேட்டதற்குத் தங்கையா ஏதோ ஓடுது என்றார். அவன், சுசாதானே, கஷ்டம்தானே என்று சிரித்தான், மூன்று மாதத்தில் துரையே கூப்பிடுவார் பாருங்கள் என்றான். சாரதா தட்டை எடுத்துக்கொண்டு கழுவப் போனாள்.

இரண்டரை மாதம் லோரி ஒரு சாணில் நின்றது. கங்காணிக்குக் கத்துவதற்கு வேறு காரணம் தேட வேண்டியிருந்தது.

ஆயுத பூசை வந்தது. எங்கள் ஃபேக்டரியில் அது பெரிய நாள். ரோலர், பாய்லர், தராசு, கத்தரி, சாம்பசிவத்தின் சுத்தியல் வரைக்கும் கழுவிப் பொட்டு வைத்துப் பொரி கடலை படைப்பார்கள். பெரிய லோரியைப் பதினோரு வருஷமாகக் கழுவிப் பொட்டு வைப்பது முருகையாதான். மாடிக்கு மாற்றிவிட்டாலும் அந்த வேலையை அவன் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. காலையிலேயே போய்ச் சவுக்காரம் போட்டுத் தேய்த்தான். விளக்கு, ஸ்டீயரிங், டயர், எல்லாவற்றுக்கும் சந்தனம் குழைத்து நடுவில் குங்குமம். புதுக் கண்ணாடியையும் விடவில்லை. அவன் வேலையைப் பிடுங்கிய கண்ணாடிதான், ஆனாலும் அதுவும் ஆயுதம் அல்லவா? ஏணி வைத்து ஏறிப் பார்த்தால் ஓரமாக ஒரு சிவப்புப் புள்ளி. துரை கண்ணாடியை மாட்டிய அன்றைக்கு எவனோ அரைகுறையாகப் பொட்டு வைத்திருக்கிறான், அதையும் கோணலாக வைத்திருக்கிறான் என்று நினைத்தான். காய்ந்து ஒட்டிப்போயிருந்ததால் பிளேடு வைத்துச் சுரண்டினான். கண்ணாடியைத் துணியால் பளபளவென்று துடைத்தான். நடு மையத்தில் சந்தனம் வைத்து, குங்குமம் ஒட்டாதே என்று தேங்காயெண்ணெயில் குழைத்து அழுத்தமாக ஒரு பொட்டு வைத்தான். பழைய புள்ளிக்கும் புதுப் பொட்டுக்கும் கண்ணாடியில் மூன்று விரல்தான் இடைவெளி. தரையில் அது மூன்று அடி.

தங்கையா பூசைக்கு வந்தார், தேங்காய் உடைத்தார், எலுமிச்சம்பழத்தின் மேல் வண்டியை ஏற்றினார். கண்ணாடியில் பொட்டு இருந்ததைப் பார்த்தார். எல்லா இடத்திலும் பொட்டு இருந்தது, அவர் ஒன்றும் நினைக்கவில்லை.

அன்றைக்கு இரவு முழுக்க மழை. சந்தனம் கரைந்து போயிற்று, எண்ணெய்க் குங்குமம் நின்றது. மறுநாள் பத்து மணி நிறுவைக்கு லோரி மேல் மேடைக்குப் போனபோது பனி இறங்கிக் கிடந்தது. முப்பதடிக்கு அப்பால் தேயிலைச் செடி தெரியவில்லை. தங்கையா ஜன்னல் கண்ணாடியில் பார்த்தார். வட்டக் கண்ணாடியில் ஒரு சிவப்புப் புள்ளி இருந்தது. பூசைப் பொட்டு மழையில் போய்விட்டது, தன் புள்ளி மிச்சம் இருக்கிறது என்று நினைத்தார். சுண்ணாம்பு அடித்த மேடை விளிம்பு அந்தப் புள்ளியைத் தொடுவதற்காகக் காத்துக்கொண்டே வந்தார். அது தொடவேயில்லை. தொடுவதற்கு முன்னால் மேடை உடைந்தது.

பலகை நொறுங்கியது, தராசு உருண்டு பள்ளத்துக்குப் போயிற்று. மேடையில் நின்ற நாலு பெண்களில் மூன்று பேர் குதித்துவிட்டார்கள். அம்மாக்கண்ணு மட்டும் கூடையோடு விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். கம்பி வளைந்து வட்டக் கண்ணாடி கீழே விழுந்து சில்லுச் சில்லாக உடைந்தது. தங்கையா இறங்கி வந்து அம்மாக்கண்ணுவைத் தூக்கி முன்சீட்டில் உட்காரவைத்தார். கதவைச் சாத்தப் போன அவர் கை ஒரு விரல் தள்ளிக் காற்றைப் பிடித்ததை அவள்தான் முதலில் பார்த்தாள். பார்த்தும் யாரிடமும் சொல்லவில்லை. நல்ல பெண்பிள்ளை.

துரை வந்து பார்த்தார். கோபப்படவில்லை, அதுதான் எல்லாருக்கும் பயமாக இருந்தது. இன்னொரு கண்ணாடி ஸ்டோரில் இருக்கிறது, நாளைக் காலையில் மாட்டட்டும், ஒன்பது மணிக்கு என் முன்னால் ஃபேக்டரி மேடைக்கு மூன்று தடவை கோஸ்தான் எடுத்துக் காட்டு என்றார். மூன்றும் சரியானால் இன்றைக்கு நடந்தது பனியால் என்று எழுதிக்கொள்வேன். இல்லையென்றால் கண்ணாடியில் குறையா கண்ணில் குறையா என்று ஆஸ்பத்திரியில் பார்க்கச் சொல்வேன். அமிர்தலிங்கம் இதைத் தமிழில் சொல்லும்போது கண் என்ற இடத்தில் மட்டும் குரலைத் தாழ்த்தினார். அவருக்கும் சந்தேகம் இருந்தது போலிருக்கிறது.

சாயந்தரம் நாலு மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. தங்கையா அடுப்படியில் குந்தியிருந்தார். சாரதா ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். முருகையா நனைந்தபடி வந்து நின்று, எப்படி மச்சான் இடிச்சீங்க, ரெண்டரை மாசமா நல்லாத்தானே நிறுத்துனீங்க என்று கேட்டான். சாரதாதான் கேட்டாள்.

"தம்பி, அந்தக் கண்ணாடியில ஒரு செவப்புப் புள்ளி இருந்துச்சே. அத என்ன பண்ண?"

"சொரண்டிட்டேன்க்கா. எவனோ கோணலா பொட்டு வெச்சிருந்தான். நடுவுல நல்லதா வெச்சேன்."

சாரதா சட்டியை அடுப்பிலேயே விட்டுவிட்டு எல்லாவற்றையும் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை, சாண், நகப்பூச்சு, எல்லாம். முருகையா கேட்டுக்கொண்டே தொப்பியைக் கழற்றித் தண்ணீரைப் பிழிந்தான்.

"அப்ப, நான் படத்துக்குப் போன அன்னைக்கு."

"ஆமா."

"நான் தெனம் கேட்டேன். சுசாவான்னு கேட்டேன். ஒரு வார்த்த சொல்லலயே."

"சொல்லிருக்கணும் மாப்ள," என்றார் தங்கையா. "தப்புதான்."

"சொல்லியிருந்தா தொட்டுருப்பனா? அம்மாக்கண்ணு கை ஒடஞ்சிருக்குமா?" தொப்பியை இன்னொரு தடவை பிழிந்தான். "அக்கா, நான் இப்பவே துரை பங்களாவுக்குப் போயி, மச்சானுக்கு ஒரு கண்ணு தெரியலன்னு சொன்னா என்ன நடக்கும் தெரியுமா? புது டிரைவர் வருவான். இந்தக் கண்ணாடி பழகாதவன், பின்னால ஆள் வேணும்பான். நான் கெலிண்டானா நிப்பேன்லா."

"தெரியும்."

"அதுக்குப் பயந்துதான் மறச்சீங்களா?"

"இல்ல தம்பி. நீ போயிச் சொல்லுவேன்னு ஒரு நாளும் நெனைக்கல. ஒனக்குச் சோத்தப் போட்டுக்கிட்டே ஒன் வேலய என் கையால அழிச்சிட்டேன். அத ஒன் மொகத்தப் பாத்துச் சொல்ல எனக்கு வாய் வரல." சொல்லும்போது அவள் அழுதாள். ரொட்டி ஒரு பக்கம் கருகியது.

முருகையா ஈரத் தொப்பியைத் தலையில் மாட்டிக்கொண்டு மழையில் இறங்கிப் போனான். அந்தப் பாதை ஒரு பக்கம் கோயிலுக்குப் போகும், மறு பக்கம் பங்களாவுக்குப் போகும். தங்கையா ஜன்னலில் நின்று பார்த்தார். மழையில் எந்தப் பக்கம் திரும்பினான் என்று அவருக்குத் தெரியவில்லை. அவன் சாப்பாட்டுக்கு வரவில்லை.

மறுநாள் ஒன்பது மணிக்கு ஃபேக்டரி மேடைக்குப் பக்கத்தில் பாதித் தோட்டம் நின்றது. சாம்பசிவம் அப்போதுதான் புதுக் கண்ணாடியை மாட்டி முடித்தார். வளைந்த கம்பியை நிமிர்த்தியதில் பழைய கோணம் இல்லை, பழைய இடத்தில் புள்ளி வைத்தாலும் உதவாது. புதிதாக அளந்து வைக்க நேரமும் இல்லை, துரை கூடவே நின்றார். பின்னால் யாரும் நிற்கக்கூடாது, யாரும் தட்டக்கூடாது, குரல் கொடுக்கக்கூடாது என்று அமிர்தலிங்கத்தை விட்டுச் சொல்லவைத்தார்.

தங்கையா ஏறி உட்கார்ந்தார். வட்டக் கண்ணாடியில் மேடை சின்னதாக எங்கோ கிடந்தது. பத்தடியா, இருபதடியா, அவருக்குத் தெரியவில்லை. திலகத்தின் பள்ளிக்கூடம், வீடு, தகரக் கொட்டகை, எல்லாம் அந்தத் தட்டளவு கண்ணாடிக்குள் இருந்தது. கியரைப் போட்டார்.

ஜன்னல் கண்ணாடியின் ஓரத்தில், மேடைக்கு வலப்பக்கத்துச் சாக்கடைத் திட்டில், மாடி ஆட்கள் வரிசையாகக் குந்தியிருந்தார்கள். கடைசி ஆள் பழுப்புத் தொப்பி போட்டிருந்தான். துரை சொன்னபடி அவன் பின்னால் நிற்கவில்லை. தட்டவில்லை, பேசவில்லை. முழங்காலில் கை போட்டு, எங்கேயோ பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

தங்கையா வட்டக் கண்ணாடியை விட்டுவிட்டார். தொப்பியை மட்டும் பார்த்துக்கொண்டு வந்தார். வந்தார், வந்தார், தொப்பி தலையிலேயே இருந்தது. பிறகு அவன் அதைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். வண்டி நின்றது.

சாம்பசிவம் சாண் வைத்தார். ஒரு சாண்.

இரண்டாவது தடவையும் தொப்பி இறங்கியது, வண்டி நின்றது, ஒரு சாண். மேடை மேல் நின்ற பெண்கள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்கவில்லை. பார்த்தால் சிரித்துவிடுவார்கள். தொப்பிக்கு என்ன அர்த்தம் என்று தோட்டத்தில் நாய்க்குட்டிக்குக்கூடத் தெரியும். வந்து நாலு மாதம் ஆகாத துரை ஒருவருக்குத்தான் தெரியாது. மூன்றாவது தடவை தூறல் ஆரம்பித்தது. தூறலில் எல்லாரும் தலையை மூடுகிற நேரத்தில் முருகையா மட்டும் தொப்பியைக் கழற்றினான். துரை திரும்பி அவனையே பார்த்தார். நாங்கள் வேறு பக்கம் பார்த்தோம்.

"அவனுக்குப் பேன் தொல்லை சார்," என்றார் பெரிய கிராணி அமிர்தலிங்கம், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல். முப்பது வருஷத்தில் அவர் சொன்ன பொய் அது ஒன்றுதான் என்று நான் நம்புகிறேன்.

மூன்றாவதும் ஒரு சாண்.

துரைக்குச் சந்தோஷம். தங்கையாவின் தோளில் தட்டினார். நேற்றையது பனிதான் என்று எழுதிக்கொள்ளச் சொன்னார். பிறகு, பார்த்தீர்களா, ஒரு ஆள் இல்லாமல் மூன்று தடவை, அதுவும் மழையில், கண்ணாடி இருந்தால் போதும் என்றார். மற்ற இரண்டு லோரிக்கும் கண்ணாடி வாங்க எழுதுங்கள், ஒன்றாம் தேதியிலிருந்து மூன்று கெலிண்டானும் வேண்டாம், மாடியிலும் ஆள் கூடுதலாக இருக்கிறது என்றார். அமிர்தலிங்கம் இதைத் தமிழில் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. முருகையா எழுந்து, பின்புறத்து மண்ணைத் தட்டிவிட்டு, மாடிக்கு வேலைக்குப் போனான்.

தங்கையா அவன் பின்னாலேயே போய் மாடிப்படியில் பிடித்தார். நான் துரைகிட்ட உண்மையச் சொல்லிர்றேன் மாப்ள என்றார். முருகையா இரண்டு படி மேலே நின்று கேட்டான்.

"சொல்லி? ரெண்டு பேரும் கோசு சொமக்கவா? திலகம் படிக்கட்டும் மச்சான். நான் ஒத்த ஆளு, எங்கயும் படுப்பேன்."

"எம்மேல கோவமில்லயா?"

"இருக்கு," என்றான் முருகையா. "அது இருக்கட்டும்."

திரிங்காப்பில் இருளப்பன் சொல்லி ஒரு தோட்டத்தில் இடம் கிடைத்தது. போவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை மூன்று பேருமாக லோரி கொட்டகைக்குப் போனார்கள். இந்தத் தடவை சாண் பிடித்து நின்றது முருகையா. சாரதாவின் அளவில் விரல்கடை பிசகு இருந்திருக்கிறது, அவன் அதைத் திருத்தினான். ஏணியில் ஏறிப் புள்ளி வைத்ததும் அவன்தான். வைத்துவிட்டு, நகப்பூச்சு காய்கிறவரை வாயால் ஊதினான். அடுத்த பூசைக்கு இந்தக் கண்ணாடிக்குப் பொட்டு வைக்கவேண்டாம் என்று சொல்லுங்கள், கம்பிக்கு வைத்தால் போதும் என்றான். திங்கட்கிழமை விடியலில் காய்கறி லோரியில் ஏறிப் போனான். சாரதா கட்டிக்கொடுத்த சோற்றை வாங்கிக்கொண்டான். அவளுக்கு அது ஒரு ஆறுதல்.

அன்றைக்குப் பத்து மணி நிறுவைக்குத் தங்கையா மேல் மேடைக்குக் கோஸ்தான் எடுத்தார். புதுப்பலகை போட்டிருந்தார்கள். பனி இல்லை, நல்ல வெயில். மேடை விளிம்பு சிவப்புப் புள்ளியைத் தொட்டது, நிறுத்தினார். ஒரு சாண், கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பெண்கள் கூடையை இறக்கிக்கொண்டு காத்து நின்றார்கள். எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. அவர் ஜன்னல் கண்ணாடியின் ஓரத்தில் தொப்பி நிற்கிற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், பிரேக்கிலிருந்து காலை எடுக்கவில்லை. அப்படி எவ்வளவு நேரம் இருந்தார் என்று அவருக்கே தெரியாது.

மாவுக்கட்டுப் போட்ட கையைத் தூளியில் தொங்கவிட்டுக்கொண்டு அம்மாக்கண்ணு ஜன்னல் பக்கம் நடந்து வந்தாள். அவளுக்கு லேசான வேலை கொடுத்திருந்தார்கள், கூடை எண்ணுகிற வேலை.

"சரியாத்தான் நிக்குது டிரைவரே," என்றாள் மெதுவாக. "எஞ்சின அடைங்க."

தங்கையா எஞ்சினை அடைத்தார்.